பத்துப் பொருத்தம் பார்த்து எடுத்த இலவசப் பதிப்பு

மடத்தனத்தில் இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என்று இரண்டு உண்டென்றால், எனக்கு வாய்த்தது கட்டணப் பதிப்பு. எல்லா வசதிகளும் சேர்ந்தது. கொள்ளளவுக்குக் கட்டுப்பாடே கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கணினியோடு குப்பை கொட்டிய நான், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ஒரு திருமணத் தகவல் மையத்தைத் தை மாதத்தில் ஒரு பகல் முழுக்க முடக்கிப் போட்டேன். வைரஸ் இல்லை, மின்வெட்டு இல்லை. காரணம் நான்தான். இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. 'நான்' என்பது எவ்வளவு சரியான வார்த்தை என்று போகப் போகத் தெரியும்.

இப்போது எழுதக் காரணம், ஓய்வுக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் கேட்ட கேள்வி. மையத்தில் இனி மாப்பிள்ளை, பெண் எல்லாரும் வீடியோவில் தங்களைப் பற்றிப் பேசி அனுப்பப் போகிறார்களாம். தரவுத்தளத்துக்கு இலவசப் பதிப்பே போதுமா, காசு கொடுத்து வாங்கிவிடலாமா என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ மேலாளராகியிருப்பேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் கணினி வகுப்புக்குப் போனேன். மாணவர்கள் அதிகம், கணினிகள் குறைவு. பெரும்பாலும் அடுத்தவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே படித்தேன். சான்றிதழில் அதைக் குறிப்பிடவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

முதல் வேலை அலோர் ஸ்டார் மெர்கோங்கில் ஒரு கணினிக் கடையில். அங்கே ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குச் சரக்குக் கணக்கு அமைத்துக் கொடுத்தேன். தரவுத்தளம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தகவல்களை வகை பிரித்து அடுக்கி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் அலமாரி. அந்த அலமாரியைச் செய்கிற கம்பெனியே ஒன்றை இலவசமாகவும் இன்னொன்றைக் காசுக்கும் தரும். இலவசம் என்றால் அளவில் சின்னது, சில வேலைகளை நாமே கையால் செய்யவேண்டும். ஆனால் காலத்துக்கும் நம்முடையது. இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. காசுப் பதிப்பையே கொஞ்ச நாள் சும்மா கொடுத்து, பழகிய பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். சோதனைப் பதிப்பு என்று பெயர்.

நான் அந்த மளிகை முதலாளிக்குப் போட்டுக் கொடுத்தது மூன்றாவது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்தேன், அதற்கு அடுத்த வரியைப் படிக்கவில்லை. எல்லா வசதியும் இருக்கிறதே, கம்பெனிக்காரன் எவ்வளவு தாராளம் என்று வியந்ததுகூட நினைவிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், அலமாரி பூட்டிக்கொண்டது. முதலாளி திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ருசி பார்க்கக் குடுத்த பலகாரத்தைப் பந்தியில பரிமாறிட்டியே தம்பி" என்றார். அந்தத் தீபாவளி முழுக்க அவர் கடையில் கையால் பில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். என் கையெழுத்தைப் பார்த்த வாடிக்கையாளர்கள் கணினியே பரவாயில்லை என்றார்கள்.

அங்கிருந்து இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியாக வந்து சேர்ந்தது இந்தத் திருமணத் தகவல் மையம். நடத்தியவர் திருமதி சிவயோகம். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மையார். அலோர் ஸ்டாரிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் யாழ்ப்பாணத்தை ஒரு அட்சரம் விட்டுக்கொடுக்காதவர். நாங்கள் மேடம் என்போம். மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆமாம் என்பதற்கு அவர் சொல்லும் "ஓம்" என்ற ஒரே சொல்லில் ஆறேழு வகை வைத்திருந்தார். நீட்டிச் சொன்னால் சம்மதம். வெட்டிச் சொன்னால் நம்பவில்லை. சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் திருகினால் நாம் எழுந்து போய்விடுவது நல்லது.

மையத்தில் ஒரு விதி. பெற்றோர் வந்து ஜாதகமும் படமும் கொடுத்தால் மட்டும் போதாது. பதிவு எண் போட்டதும் பிள்ளையின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போகும். 'உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறது, சம்மதமா' என்று கேட்கும். பிள்ளை பதில் அனுப்பினால்தான் பெயர் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். அன்று மாலைக்குள் பதில் வராவிட்டால் பதிவு ரத்து. பிள்ளைக்குத் தெரியாமல் பதிந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்கும்போது தகராறு நடந்த கதைகள் மேடத்துக்கு நிறையத் தெரியும். எத்தனை பெரிய மனிதர் வந்து கேட்டாலும், "பிள்ளை சொல்லாமல் பேர் ஏறாது" என்பார்.

எல்லாம் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. இலவசமா, கட்டணமா? பினாங்கிலிருந்து கட்டணப் பதிப்பின் விற்பனையாளர் கழுத்துப் பட்டியோடு வந்திருந்தார். மேடம் அவரை மேசைக்கு ஒரு பக்கமும், இலவசப் பதிப்புக்காக என்னை மறு பக்கமும் உட்காரவைத்தார். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு போல. பிறகு எங்கள் இருவருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பரிசோதனை முறை அதுதான், வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களையும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தினப் பொருத்தம் என்றால், அன்றன்றைய பிரதியைத் தானே எடுத்து வைக்குமா? கட்டணம் எடுக்கும், இலவசத்தில் ஆள் உட்கார்ந்து எடுக்கவேண்டும். நான் எடுக்கிறேன் என்றேன். கணப் பொருத்தம் என்றால், நம்மிடம் இருக்கும் பழைய கணினிகளோடு சண்டை போடாமல் இருக்குமா? இரண்டும் இருக்கும். ரஜ்ஜு என்றால், திடீரென்று விழுந்தால் உள்ளே இருப்பது உயிரோடு திரும்புமா? அன்றைய பிரதி இருந்தால் திரும்பும். மகேந்திரப் பொருத்தம், அதாவது பிள்ளைப்பேறு. பதிவுகள் பெருகிக்கொண்டே போனால் தாங்குமா?

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். ஒரு பதிவுக்கு இவ்வளவு இடம், வருடத்துக்கு இவ்வளவு பேர் என்று பெருக்கிக் காட்டி, "கெடாவில இருக்கிற தமிழர் எல்லாரும் ரெண்டு தடவ கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் நெரம்பாது மேடம்" என்றேன்.

"இரண்டாவது தடவை எங்களிட்ட வரமாட்டினம்" என்றார் மேடம்.

கடைசியில் விற்பனையாளரைப் பார்த்து, "மாப்பிள்ளை நல்லவர். சீர்தான் கூடுதலாய்க் கேக்கிறார்" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். இலவசப் பதிப்பு வென்றது. ஆனால் பேனா மூடியைத் திருகும் முன் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தார். ஆயிரக்கணக்கில் பதிவுகள் ஏறின பிறகும் வேகமாகத் தேடுமா என்று வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டவேண்டும்.

செய்து காட்டினேன். மையம் கணினிக்கு மாறியது, மாப்பிள்ளைகளும் பெண்களும் வந்தார்கள், ஆண்டுகள் ஓடின. நான் நாள்தோறும் மாலையில் பிரதி எடுத்து வைத்தேன். பிரதி எடுக்க வரவர அதிக நேரம் ஆனபோது வன்தட்டைக் குறை சொன்னேன்.

பிறகு அந்தத் தை மாதக் காலை. கதவைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. புக்கிட் செலம்பாவிலிருந்து காளிமுத்து அண்ணன். சொந்தமாகச் சின்ன ரப்பர் தோட்டம் உள்ளவர், மனைவி இல்லாதவர், ஒரே மகள். மகள் தமிழ்ச்செல்வி கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கல்யாணப் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாளாம். பல வருடமாக இதே கதை. அன்று காலை தோசை சாப்பிட்டுக்கொண்டே, யாரும் கேட்காமல், "சரிப்பா, பதிஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அண்ணன் அடுப்பை அணைத்தாரா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை. சட்டை பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

"அவ ஷிப்ட் முடியிறதுக்குள்ள பதிஞ்சிடணும் தம்பி. வீட்டுக்கு வந்து யோசிச்சான்னா போச்சுலா."

விவரங்களைத் தட்டினேன். சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். இடமில்லை என்றது திரை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் இடமில்லை. இலவசப் பதிப்பு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. உள்ளே இருப்பதைப் பார்க்கலாம்; புதிதாக ஒரு எழுத்து சேர்க்க முடியாது. பதிவு இல்லையென்றால் எண் இல்லை, எண் இல்லையென்றால் தமிழ்ச்செல்விக்குச் செய்தி இல்லை, செய்தி இல்லையென்றால் சம்மதம் இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "மகேந்திரம் உத்தமம் எண்டு சொன்னனீர்" என்றார்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வோம், செய்தியை நானே என் கைப்பேசியிலிருந்து அனுப்புகிறேன் என்றேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவில்லாத பெயருக்குச் சம்மதம் கேட்டால் அந்தப் பிள்ளை நாளைக்கு எதை நம்பும் என்று கேட்டார். பினாங்கு விற்பனையாளரை அழைத்தேன். அவர் மிகுந்த மகிழ்ச்சியோடு, உரிமம் கைக்கு வர அடுத்த வாரம் ஆகும் என்றார். அவ்வளவு மகிழ்ச்சி தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: கல்யாணம் முடிந்தவர்களின் பெயரை அழித்து இடம் பண்ணுவது. ஆனால் யாருக்கு முடிந்தது? நம் ஆட்கள் பதிய வருவார்கள், முடிந்ததைச் சொல்ல வரமாட்டார்கள். நிச்சயமானதும் சொன்னால் கண் பட்டுவிடும் என்று தாலி ஏறும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். தாலி ஏறிய பிறகு எங்கள் நினைப்பு எதற்கு? ஆகவே பழைய பெயர்களை வரிசையாகத் தொலைபேசியில் அழைத்தேன்.

ஒரு அம்மா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். இன்னொருவர் மகனுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதை ஒத்துக்கொண்டார்; ஆனால் படம் நன்றாக இருக்கிறது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். மூன்றாமவர், "கல்யாணமா? எங்க வீட்லயா? யாருங்க சொன்னது?" என்று கேட்டார். அவர் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று யாரோ கத்துவதுகூடக் கேட்டது.

காளிமுத்து அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சல் படுவார் என்று பார்த்தால், தலையை ஆட்டி ரசித்தார்.

"அவங்க சொல்றது சரிதான் தம்பி. இதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."

"நீங்க யாரு பக்கம்ணே?" என்றேன்.

மதியம் தாண்டிவிட்டது. அழிக்கலாம் என்று தேறியது நாலைந்து பெயர்கள். எல்லாம் தபால்தலை அளவுப் படங்கள்; அழித்தாலும் ஒரு புதுப் பதிவுக்கு இடம் போதாது. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், மகளுடைய படத்தை உறையிலிருந்து எடுப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தார். ரசிப்பு நின்றுவிட்டது. மெதுவாக, "அவங்கம்மா இருந்திருந்தா எப்பவோ பேசி முடிச்சிருப்பா தம்பி. எனக்குக் கேக்கத் தெரியல" என்றார். நான் அடுத்த எண்ணை அழுத்தினேன்.

மேடம் தம் அறையிலிருந்து வந்து என் பின்னால் நின்றார். "ஆர் கலியாணம் கட்டினது, ஆர் கட்டேல்லை எண்டு பிறகு பாரும். எது கூட இடம் பிடிச்சிருக்கெண்டு முதல் பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. காலையிலேயே முதலில் செய்திருக்கவேண்டிய வேலை அது. பதிவுகளை அளவு வாரியாகப் பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தினேன்.

திரை நிறைந்தது. கோட்டுப் போட்ட ஓர் இளைஞன், ஒரு காரில் சாய்ந்து நின்று, தூரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறான். அடுத்த பதிவிலும் அவன்தான். அதற்கடுத்ததிலும். பக்கத்தைத் தள்ளினேன். அவன்தான். தள்ளத் தள்ள அவனே வந்துகொண்டிருந்தான்.

காளிமுத்து அண்ணன் கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தார். "இந்தப் பையன் யாரு தம்பி? காடிகிட்ட நிக்கிறவரு. பாக்க லெட்சணமா இருக்காரே. ஜாதகம் இருக்கா?"

கார் அடுத்த வீட்டுக்காரருடையது. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. முகம் மட்டும் என்னுடையது.

மேடத்துக்குச் செய்து காட்டுவதற்காக நான் ஆயிரக்கணக்கில் பொய்ப் பதிவுகள் போட்டிருந்தேன். யார் படத்தையும் கேட்காமல் எடுக்கக்கூடாதே என்று என் கல்யாணத்துக்கு முந்தின படத்தையே வைத்தேன். அதையும் ஆசையாக, மிக உயர்ந்த தரத்தில், முழு அளவில். சோதனை முடிந்ததும் தேடலில் வராதபடி எல்லாவற்றுக்கும் 'காட்டாதே' என்று குறி போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்து அழிக்கலாம் என்று மீ கோரெங் சாப்பிடப் போனேன். சாப்பிட்டு வந்தேன். அழிக்கவில்லை. அலமாரியில் பெரும்பகுதி நான். கெடாவின் அத்தனை மாப்பிள்ளை பெண்களும் ஓரத்தில் ஒடுங்கி நின்றிருக்கிறார்கள். இத்தனை வருடமாக நாள் தவறாமல் நான் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்ததும் என் முகத்தைத்தான்.

அண்ணன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், ஜாதகப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பேர் இருந்தும் ஒருத்தரையும் ஒருத்தரும் கேட்டு வரேல்லை" என்றார்.

உடனே அழிக்கப் பாய்ந்தேன். மேடம் தடுத்தார். முதலில் இன்றைய பிரதி. எவ்வளவு அவசரமானாலும் பிரதி எடுக்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பது நானே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய விதி. ஆகவே அழிப்பதற்கு முன்னால் என்னை இன்னொரு தடவை பத்திரமாகப் பிரதி எடுத்தேன். பிரதி ஏறுவதைத் திரையில் காட்டும் கோடு நகர்ந்த வேகத்தில் ரப்பர் பால் வடிந்திருந்தால் தோட்டத்தையே மூடியிருப்பார்கள். பிறகு அழித்தேன். கொத்துக் கொத்தாக நான் மறைந்தேன்.

தமிழ்ச்செல்வியின் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சற்று முன்னால் பதிவு ஏறியது. எண் விழுந்தது. செய்தி போயிற்று. அண்ணன் தம் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதில் மையத்தின் எண்ணுக்குத்தான் வரும் என்று சொன்னேன். காதில் விழவில்லை.

பதில் வந்தது. சம்மதம் என்றோ இல்லை என்றோ வரவில்லை. எந்தப் படத்தைப் போட்டீர்கள் என்று கேட்டிருந்தாள். அண்ணன் கொடுத்த படத்தை அனுப்பினேன். ஏதோ உறவினர் கல்யாணத்தில் அவள் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் படம், பாதி அப்பளம் வாயில். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு வாட்ஸ்அப்பில் அவளே ஒரு படம் அனுப்பினாள். நீலச் சேலை, நேராகப் பார்த்த கண்கள். கீழே ஒரு வரி: 'இதைப் போடுங்க. சம்மதம்.'

என்றைக்காவது கேட்பார்கள் என்று எடுத்து வைத்திருந்த படம் அது என்பது எனக்கே புரிந்தது. அண்ணன் அதை எட்டிப் பார்த்தார். சட்டைப் பித்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டார், கும்பிட்டார், போய்விட்டார்.

வீட்டில் வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையே சமாளிக்க முடியவில்லை, ஆயிரக்கணக்கில் வேறா என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் மேடத்திடம் தைரியமாக, ஆக இலவசப் பதிப்பில் குறை இல்லை, என் கணக்கு சரிதானே என்றேன். அவர் வங்கிக்காரர் அல்லவா, வேறொரு கணக்குச் சொன்னார். தானே பிரதி எடுக்காது, அதற்கு நான். நிரம்பப் போகிறதென்று முன்கூட்டிச் சொல்லாது, அதற்கும் நான், அதையும் சொல்லவில்லை. இலவசப் பதிப்பில் இல்லாத வசதிகளுக்குப் பதிலாகத்தான் எனக்குச் சம்பளம் போகிறது என்றார். என் நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு நான் சொன்னதும் அதுதான். வீடியோ வருவதென்றால் காசு கொடுத்து வாங்கிவிடம்மா. இல்லை, இலவசமே போதும் என்றால் பக்கத்தில் ஒழுங்கான ஓர் ஆளை வைத்துக்கொள். சோதனைக்கு உன் படத்தை மட்டும் போடாதே.

தமிழ்ச்செல்வியின் பெயர் நான் ஓய்வு பெற்ற நாள்வரை பட்டியலில் இருந்தது. முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணி பசாரில் காளிமுத்து அண்ணனைப் பார்த்தேன். அதே மோட்டார் சைக்கிள். கூடையில் இரண்டு பால்மாவு டின், ஒரு மூட்டை டயப்பர். முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் அவர் மீசையைப் பிடித்து இழுத்து, தாத்தா, தாத்தா என்று பலூனைக் காட்டிக்கொண்டிருந்தது. கண்கள் அப்படியே அந்த நீலச் சேலைப் படத்தில் இருந்தவை.

"என்னண்ணே, மகளுக்கு ஏதும் அமைஞ்சுதா?" என்று கேட்டேன்.

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணும் முடிவாகல தம்பி."